ஆத்தப்பன் பேரில் ஒரு வகுப்பு

பழனாயிக்கு எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பல்லடம் சாலையில் அவளும் கணவர் ஆத்தப்பனும் சேர்ந்து வளர்த்த காம்பாக்டிங் யூனிட்டில், சாயம் ஏறி வந்த பனியன் துணி நீராவியில் அழுந்தி, இனித் துவைத்தாலும் சுருங்காது என்ற பக்குவத்தில் மடிந்து விழும். உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள், தொட்டுப் பார்க்க எதுவுமே இல்லாத ஒரு காரியத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் முழுக்கத் திண்டாடினாள்.

ஆத்தப்பன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து முதல் திதி முடிந்ததும், அவர் பேரில் ஏதாவது செய்யவேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. மகன் கதிர்வேல் குலதெய்வக் கோயிலில் அன்னதான மண்டபம் கட்டலாம் என்றான். பழனாயிதான் காலேஜுக்குச் செய்யலாம் என்றாள். ஆத்தப்பன் இளவயசில் அவிநாசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து, ஒரு பருவம்கூட முடிக்காமல் நின்றுவிட்டவர். "ஒண்ணுமே வெளங்கலைன்னு ஓடி வந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரோடும் பேசமாட்டார். அந்தச் சிரிப்பைவிட அதற்குப் பின்னால் வந்த மௌனம்தான் பழனாயிக்கு நினைவில் நின்றது.

அதே கல்லூரிக்குத் தாயும் மகனும் போனார்கள். முதல்வர் ஞானசம்பந்தம் இளநீர் வரவழைத்துக் கொடுத்தார். புதிதாக ஒரு கருத்தரங்க அறை கட்டலாம், ஏசி போடலாம், வாசலில் கறுப்பு கிரானைட்டில் ஐயா பேரைப் பொன்னெழுத்தில் பொறிக்கலாம் என்றார். கதிர்வேலுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கிளம்பும் நேரத்தில் பழனாயி பேச்சுவாக்கில்தான் கேட்டாள்.

"ஏனுங்க, இப்பவும் பசங்க மொத வருசத்துலயே நின்னுக்கறாங்களா?"

முதல்வர் தொண்டையைச் செருமினார். துறை சார்பில் வரச்சொல்லி ஓரமாக உட்காரவைத்திருந்த இயற்பியல் ஆசிரியை அனுசுயா முந்திக்கொண்டாள். "நிக்கிறாங்கம்மா. நெறையப் பேர். தீபாவளி சமயத்துல பனியன் கம்பெனிக்கு லீவுல வேலைக்குன்னு போவாங்க, திரும்பி வரமாட்டாங்க. சம்பளத்துக்காகத்தான் போறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. வகுப்புல ஒண்ணும் புரியல, புரியலைன்னு சொல்லவும் கூச்சம். அதுக்கு வேலையே தேவலைன்னு போயிடுறாங்க."

அனுசுயாவின் பெற்றோர் விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து, தையல் மெஷினில் உட்கார்ந்து மகளைப் படிக்கவைத்தவர்கள். அவள் நேருக்கு நேர் பார்த்துப் பேசியது பழனாயிக்குச் சுருக்கென்றது. அவளுடைய யூனிட்டிலேயே அப்படி நின்று வந்த பையன்கள் இருந்தார்கள். பன்னிரண்டாவது வரை நன்றாகப் படித்தவர்கள், கணக்குப் பிசகாது என்று ஆத்தப்பன் விரும்பி வேலைக்கு எடுத்த பையன்கள்.

"அதுக்கு என்ன பண்ணோணும் அம்மிணி?"

அனுசுயா சொன்னதில் பாதிதான் பழனாயிக்கு ஏறியது. முதலாண்டு வகுப்பில் பெஞ்சுகளை எடுத்துவிட்டு வட்ட மேசை போடவேண்டும். மேசைக்கு ஒரு மூன்றாம் வருஷத்துப் பிள்ளை உட்கார்ந்து, தடுமாறுகிறவர்களுடன் பேசிக்கொடுக்கவேண்டும். அதற்கு அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் ஏதாவது தரவேண்டும். செய்து பார்ப்பதற்குச் சின்னச் சின்ன சாமான்கள் வேண்டும். பாடத்தை முதலிலிருந்து மாற்றி எழுத அனுசுயாவுக்கும் இன்னொரு ஆசிரியருக்கும் வேறு வகுப்புகளைக் குறைத்து, அந்த வகுப்புகளுக்கு வேறு ஆள் போடவேண்டும்.

"நான் பேசுறதக் குறைச்சுக்கிட்டு அவங்களப் பேசவைக்கணும்மா. அவ்வளவுதான்."

கதிர்வேல் சுற்றுமுற்றும் பார்த்தான். "அப்படீன்னா அப்பா பேரை எங்கீங்க போடறது?"

பழனாயி அனுசுயா சொன்னதற்கே சரி என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று காரில் வரும்போது மகன் கேட்டான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நாளைக்கு யாராச்சும் கேட்டா எதைக் கையக் காட்டறது?" என்று அவன் திருமுருகன்பூண்டி தாண்டும்வரை முனகிக்கொண்டே வந்தான்.

ஆடி முடிந்து ஒரு புதன்கிழமை, வகுப்பைப் பார்க்கப் பழனாயி தனியாகப் போனாள். வாசலிலேயே அவளுக்குத் திக்கென்றது. உள்ளே ஒரே இரைச்சல். பிள்ளைகள் மேசைக்கு மேசை கையை ஆட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாடம் நடத்தவேண்டிய அனுசுயா கரும்பலகைக்குப் பக்கத்திலேயே இல்லை. கடைசி மேசை ஓரத்தில் குனிந்து நின்று யார் பேசுவதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் இல்லாத நேரத்துப் பள்ளிக்கூடம் போல இருந்தது அது. இதற்கா பணம் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டே, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த மேசையில் மாரீஸ்வரி இருந்தாள். பழனாயியின் யூனிட்டில் மெஷின் ஓட்டும் மொக்கைச்சாமியின் மகள். முதலாளியம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காரு கண்ணு. நீ படி, நான் சும்மாதான் பார்க்கறேன்."

மேசை நடுவில் ஒரு மரப்பலகை. அதில் இரண்டு குண்டு பல்புகள், கோழிப்பண்ணைகளில் குஞ்சுகளுக்குக் கதகதப்பு தரத் தொங்கவிடுகிற மாதிரியானவை. ஒன்று நாற்பது வாட், மற்றது நூறு வாட். முதல் பல்புக்குள் போய் வெளியே வருகிற மின்சாரமேதான் அடுத்த பல்புக்குள்ளும் போகவேண்டும் என்கிற மாதிரி ஒரே கம்பியில் வரிசையாக இணைத்திருந்தார்கள்.

"சுவிட்சப் போட்டா எது நல்லா எரியும்?" என்று அனுசுயா வகுப்பு முழுவதையும் பார்த்துக் கேட்டாள். "முதல்ல முடிவு பண்ணுங்க. ஏன்னு பக்கத்துல உள்ளவங்களுக்குச் சொல்லுங்க. அப்புறம் போடலாம்."

இதில் முடிவு பண்ண என்ன இருக்கிறது என்று பழனாயிக்குத் தோன்றியது. வீட்டில் இருபது வருஷம் குண்டு பல்பு எரித்தவள் அவள். "நூறுதான கண்ணு?" என்றாள் மெல்ல. மாரீஸ்வரியும் நூறு என்றாள். அந்த மேசையில் இருந்த மூன்றாம் வருஷத்துப் பையன் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "ஏன் நூறு?" என்று மட்டும் கேட்டான். பெரிய பல்பு என்பதைத் தவிர யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

சுவிட்சைப் போட்டார்கள். நாற்பது வாட் பல்பு எரிந்தது. நூறு வாட் பல்புக்குள்ளே கம்பி மட்டும் அணையப்போகிற கங்கு மாதிரி மங்கலாகச் சிவந்து கிடந்தது.

வகுப்பில் முன்னைவிட இரைச்சல் கூடியது. பழனாயி பல்பு பழுதாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் எல்லா மேசையிலும் அதே கதை. அனுசுயா இப்போதாவது சொல்வாள் என்று பார்த்தாள். அவளோ, "ஏன்னு யோசிங்க, வெள்ளிக்கிழமை பேசலாம்" என்று மணி அடித்ததும் கிளம்பிவிட்டாள். மாரீஸ்வரியின் முகம் சுருங்கிப்போயிருந்தது. தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று பழனாயிக்குத் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் யூனிட்டின் எலக்ட்ரீஷியன் சசிகுமாரைக் கூப்பிட்டு, இரண்டு பல்பு வாங்கி வரச்சொல்லி, அதே மாதிரி இணைக்கச் சொன்னாள். அதே மாதிரிதான் எரிந்தது.

"கரண்ட்டு மொதல்ல எதுக்குப் போகுதோ அது எடுத்துக்குதாட்ட இருக்குது. மாத்தி மாட்டு பார்க்கலாம்" என்றாள் பழனாயி.

மாற்றி மாட்டினான். அப்போதும் நாற்பதுதான் எரிந்தது. சசிகுமார் தலையைச் சொறிந்தான். "இப்பிடி எங்கீங்கம்மா மாட்டறோம்? ஊட்டுல ஒவ்வொரு பல்புக்கும் தனி லைன்ல குடுத்தர்றோம். இது எதுக்குங்க நமக்கு?"

எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. அன்று சோறு போடும்போதும் அதே நினைப்பு. கதிர்வேல் உப்பு இல்லை என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

புரட்டாசியில் மொக்கைச்சாமி அவளைத் தேடி ஆபீஸ் ரூமுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். பழனாயி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கோவிச்சுக்கிராதீகம்மா. நீங்க காலேஜுக்கு நல்லது செய்றீகன்னுதான் எல்லாரும் சொல்லுறாக. எம்மக வீட்டுக்கு வந்தா அழுகுதும்மா. அந்த டீச்சரு கேள்வியா கேக்குறாகளாம், பதிலே சொல்ல மாட்டேங்குறாகளாம். பதில் சொல்றதுக்குத்தான அவுகளுக்குச் சம்பளம்? எம்புள்ள பன்னெண்டாப்புல நல்ல மார்க்கு. இப்ப நான் மக்கும்மான்னு அவங்க ஆத்தாட்டச் சொல்லிருக்கு."

'நான் மக்கு' என்ற சொல் பழனாயியை என்னவோ செய்தது. ஓடி வந்துவிட்டேன் என்று சிரித்த ஆத்தப்பனைக் காப்பாற்றுவதற்குப் போட்ட பணம், மொக்கைச்சாமியின் மகளை விரட்டிக்கொண்டிருக்கிறதா?

அதே வாரம் முதல்வரும் போன் செய்தார். முதலாண்டு மாணவர்கள் பாதிப்பேர் கையெழுத்துப் போட்டு, மேம் பாடம் நடத்துவதில்லை என்று புகார் கொடுத்திருக்கிறார்களாம். பெற்றோர் சிலரும் வந்து சத்தம் போட்டார்களாம். "இந்தப் பரிசோதனையெல்லாம் நம்ம பசங்களுக்கு ஒத்துவராதுங்க. மீதிப் பணத்துல அந்த கருத்தரங்க அறைய ஆரம்பிச்சுடலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பழனாயி போனை வைத்தாள். காரை எடுக்கச்சொல்லி நேரே கல்லூரிக்குப் போனாள். ஆசிரியர் அறையில் அனுசுயா தனியாக உட்கார்ந்திருந்தாள். புகார் விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது. கண் வீங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணுமே புரியலீங்க அம்மிணி," என்றாள் பழனாயி. "நீங்க படிச்சவிய. நேராச் சொல்லுங்க. இது நல்லதா, கெட்டதா?"

அனுசுயா கொஞ்சம் யோசித்தாள். "இதே மாதிரி மத்த ஊர்ல செஞ்சு பார்த்தவங்க ஒண்ணு சொல்றாங்கம்மா. நல்லா விளக்கிச் சொல்ற டீச்சர்கிட்ட உக்காந்திருந்தா, நிறையக் கத்துக்கிட்ட மாதிரி இருக்குமாம். தானே முட்டி மோதிக்கிட்டிருந்தா ஒண்ணுமே கத்துக்காத மாதிரி இருக்குமாம். ஆனா பரீட்சை வச்சுப் பார்த்தா முட்டி மோதினவங்கதான் கூடத் தெரிஞ்சு வச்சிருப்பாங்களாம்."

"அப்ப நல்லதுதான்?"

"நம்ம பிள்ளைங்ககிட்டயும் அப்படித்தானான்னு எனக்குத் தெரியலம்மா. போன மாசம் ஒரு டெஸ்ட் வச்சேன். அர்த்தம் கேக்குற கேள்வியில போன வருசத்துப் பிள்ளைங்களவிட நல்லா எழுதியிருக்காங்க. சூத்திரம் போட்டு விடை கண்டுபிடிக்கிறதுல கொஞ்சம் கம்மி. யுனிவர்சிட்டி பரீட்சையில கேக்குறது அந்தச் சூத்திரத்தைத்தான். நான் செய்றது சரின்னு சில நாள் தோணுது. மத்த நாள்ல, இதுங்க வாழ்க்கையில நான் விளையாடிக்கிட்டிருக்கேனோன்னு பயமா இருக்கு."

பழனாயிக்கு எரிச்சல்தான் வந்தது. பணம் வாங்கினவள் இப்படியா பேசுவது? நன்றாகத்தான் போகிறது என்று ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா? முதல்வர் சந்தேகமே இல்லாமல் பேசுகிறார். கதிர்வேல் சந்தேகமே இல்லாமல் பேசுகிறான். மொக்கைச்சாமிக்கும் சந்தேகம் இல்லை. இந்தப் பெண் ஒருத்திதான் தெரியவில்லை என்கிறாள். அதைக் கேட்டுக் கோபப்படுவதா, நம்புவதா என்றே அவளுக்கு விளங்கவில்லை. சரி, வருசம் முடியட்டும் என்று எழுந்து வந்துவிட்டாள்.

தீபாவளிக்கு முன்னால் யூனிட்டில் வேலை குவிந்தது. ஒருநாள் காலையில் மொக்கைச்சாமி மகளோடு வந்து நின்றார். மாரீஸ்வரி காலேஜுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். மடித்த துணியைக் கவரில் போட்டுக் கட்டுகிற இடத்தில் ஆள் தேவைப்பட்டது. கதிர்வேல் உடனே வரச்சொல்லிவிட்டான்.

பழனாயி அன்று முழுவதும் அந்தப் பக்கமே போகவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், தூக்குப்போசியோடு தனியாக உட்கார்ந்திருந்த மாரீஸ்வரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காலேஜுக்குப் போ என்று சொல்லத்தான் போனாள். எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் வேறு எதையோ கேட்டாள்.

"அந்த பல்பு ஏன் கண்ணு அப்படி எரிஞ்சுது? வெள்ளிக்கெழமை சொன்னாங்களா?"

மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறார்களோ என்று சந்தேகம். பழனாயியின் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

"சொல்லலம்மா. நாங்களாத்தான் ஒரு வழியாக் கண்டுபிடிச்சோம். நாப்பது வாட்டுக்குள்ள கம்பி ரொம்ப மெலிசு. கரண்ட்டு போறதுக்கு அதுலதான் அதிகத் தடை. ஒரே லைன்ல இருக்கறதால ரெண்டுலயும் ஒரே கரண்ட்டுதான் போகும். அப்ப எதுல தடை அதிகமோ அதுலதான் சூடு அதிகம். அது நல்லா எரியும்."

"அப்புறம் ஏன் ஊட்டுல நூறுதான் நல்லா எரியுது?"

"அது..." என்று ஆரம்பித்த மாரீஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். சோற்றுக் கை காற்றிலேயே நின்றது. "அதே கம்பி, அதே தடை. நாப்பதுதான எரியணும்?" தனக்குள்ளேயே என்னவோ முணுமுணுத்தாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன், அவனும் ஒரு காலத்தில் பி.எஸ்சி. கணிதம் பாதியில் விட்டவன், "ஊட்டுல தனித்தனி லைனுல்ல" என்றான். "தனி லைனா இருந்தா என்ன?" என்று அவள் அவன்மேல் பாய்ந்தாள். இரண்டு பேரும் சாப்பாட்டை மறந்து தரையில் விரலால் கோடு போட்டுச் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். பழனாயிக்கு அதில் ஒரு வரிகூடப் புரியவில்லை. மெஷின் போட்டுவிட்டார்கள் என்று சூப்பர்வைசர் வந்து கூப்பிட்ட பிறகுதான் இருவரும் எழுந்தார்கள். யார் ஜெயித்தது என்றும் தெரியவில்லை.

தீபாவளி கழிந்து யூனிட் திறந்தபோது மாரீஸ்வரி வரவில்லை. கல்லூரிக்குத் திரும்பப் போய்விட்டாள். இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது என்று மொக்கைச்சாமி சொன்னார். நாள் முழுக்க நின்றுகொண்டே கட்டுப் போடுவது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கதிர்வேல் சொன்னான். சாப்பாட்டு நேரத்துச் சண்டைதான் காரணமோ என்று பழனாயிக்கு ஒரு நப்பாசை. ஆனால் அதே சண்டையைப் போட்ட பையன் கல்லூரிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னமும் அவளிடம்தான் வேலை பார்த்தான், முன்னைவிடக் கொஞ்சம் சிடுசிடுப்பாக. அவனுக்கு நல்லது செய்தோமா, ஆறிக்கிடந்த புண்ணைக் கிளறினோமா என்று அவளால் சொல்லமுடியவில்லை.

சித்திரையில் முதல்வர் அறையில் எல்லாரும் கூடினார்கள். முதலாண்டில் நின்றுபோனவர்கள் முந்தைய வருஷத்தைவிடக் குறைவு. அதே சமயம் பல்கலைக்கழகத் தேர்வில் தேறியவர்களும் சற்றுக் குறைவு. "நின்னிருக்க வேண்டியவங்க நிக்காம பரீட்சை எழுதியிருக்காங்க, அதனாலகூட இருக்கலாம்," என்றாள் அனுசுயா. "முறையே சரியில்ல, அதனாலயும் இருக்கலாம்," என்றார் ஞானசம்பந்தம். அவர் கெட்டவர் இல்லை. தேர்ச்சி குறைந்தால் அடுத்த வருஷச் சேர்க்கை குறையும், ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கமுடியாது என்ற கவலை அவருக்கு.

இருவர் பேச்சும் பழனாயிக்குச் சரியாகத்தான் பட்டது. அதுதான் தொல்லையாக இருந்தது. கதிர்வேல் குனிந்து காதில் சொன்னான். "அம்மா, போதும். மண்டபத்தையே கட்டிப்போட்டு நிம்மதியா இரு."

"இன்னொரு வருசம் பண்ணுங்க," என்றாள் பழனாயி. "சூத்திரத்தையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிக்குடுங்க அம்மிணி. பரீட்சையும் எழுதோணுமில்ல."

அனுசுயா தலையாட்டினாள். முதல்வர் பெருமூச்சு விட்டார். எந்தக் கணக்கை வைத்து அப்படிச் சொன்னாள் என்று யாராவது கேட்டிருந்தால், பழனாயியிடம் அன்றும் ஒரு கணக்கும் இருந்திருக்காது.

ஆனி மாதம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். மாரீஸ்வரி இரண்டாம் வருஷம் போய்விட்டாள். இயற்பியலில் ஒரு தாள் பாக்கி வைத்திருந்தாள். அதை எழுதிக்கொண்டே, எப்போதாவது முதலாண்டு வகுப்பில் மேசை ஓரம் வந்து நிற்பாள் என்று அனுசுயா சொன்னாள். பழனாயி புதன்கிழமைகளில் போவதை வழக்கமாக்கிக்கொண்டாள். மேற்பார்வை பார்க்கப் போகிறாள் என்று கதிர்வேல் நினைத்துக்கொண்டிருந்தான். அவளும் அதை மறுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை கேள்வி லாரியைப் பற்றியது. சரக்கு ஏற்றிய லாரியும் ஒரு மொபெட்டும் நேருக்கு நேர் மோதினால், எது எதன்மேல் அதிக விசையோடு மோதும்? மேசையில் இருந்த நான்கு பிள்ளைகளும் லாரிதான் என்றார்கள். பழனாயிக்கும் லாரிதான் என்றுதான் தோன்றியது. ஆனால் இந்த அறையில் தோன்றுவதை நம்பமுடியாது என்பதும் தெரிந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

காங்கேயத்துப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டே விட்டாள். "நீங்க எந்த டிபார்ட்மென்ட்டுங்க மேம்?"

பழனாயி பதிலுக்காக அனுசுயா இருந்த பக்கம் பார்த்தாள். அவள் வேறொரு மேசையில் குனிந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரீல கண்ணு," என்றாள் பழனாயி. நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "நீ சொல்லு, ஏன் லாரிங்கற?"